கூட்டணி மாறிய கல்லூரிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதப்போக, கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து மட்டுமே ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இவ்வளவு இருக்கின்றன என்பது இப்போதுதான் உறைக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அதற்கே. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே ஃபுட்பால் என்று வருவதெல்லாம் ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டிமோதும் அமெரிக்க ஃபுட்பால். உப்பளத்தில் சாயங்காலம் ஆடும் கால்பந்து இல்லை.

மளிகைக் கடைக்காரர், மஞ்சக்குப்பம், கடலூர்
என் அக்கா மகன் அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். போனில் பேசும்போது, "எங்க காலேஜை எல்லாரும் அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க மாமா" என்றான். கட்டடம் அங்கேயேதான் இருக்கிறது, படிப்பும் நடக்கிறது. யார் யாரை விட்டுவிட்டுப் போனார்கள்?

உங்கள் மருமகன் சொன்னதில் மிகையில்லை. அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து கான்ஃபரன்ஸ் என்று ஒரு கூட்டணி வைத்துக்கொள்ளும். யாரோடு யார் ஆடுவது, கோப்பை யாருக்கு என்பதிலிருந்து டிவி ஒப்பந்தம் வரை எல்லாம் அந்தக் கூட்டணியின் பேரில்தான். வருகிற பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மேற்குக் கரையில் 1915-லேயே தொடங்கிய அப்படி ஒரு பழைய கூட்டணியின் இன்றைய பெயர்தான் பேக்-12.

2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், நாங்கள் பிக் டென் என்ற வேறு கூட்டணிக்குப் போகிறோம் என்று அறிவித்தன. அது நாட்டின் நடுப்பகுதியில், சிகாகோவைச் சுற்றி வளர்ந்த கூட்டணி. அப்போதே சுவரில் விரிசல் விழுந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ பிக் 12 கூட்டணிக்குக் கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் போயின: ஆரிகனும் வாஷிங்டனும் (பேரில் 'ஸ்டேட்' இல்லாத வேறு கல்லூரிகள் இவை) பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1-ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி. கூட்டணியில் இடம் பிடித்தன. பன்னிரண்டில் மிச்சம் இரண்டு. ஒன்று ஆரிகன் ஸ்டேட், இன்னொன்று உங்கள் மருமகன் படிக்கிற வாஷிங்டன் ஸ்டேட்.

அவர் இருக்கும் புல்மன் ஊரைப் பற்றி அவரையே கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் கோதுமையும் பருப்பும் விளைகிற மேடு பள்ளமான வயல்கள். மைசூர் பருப்புக்கு ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிற ஊர் அது, மளிகைக் கடைக்காரரான உங்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும். ஜனத்தொகை 33,000-க்குக் கொஞ்சம் குறைவு, கல்லூரியின் ஃபுட்பால் ஸ்டேடியத்திலும் கிட்டத்தட்ட அத்தனை பேர்தான் உட்காரலாம். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைதான் அந்த ஊர் லாட்ஜுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வருமானம். கூட்டணி உடைந்ததில் அடி கல்லூரிக்கு மட்டும் விழவில்லை.

கல்லூரி மாணவர், காலாப்பட்டு
தோற்றுக்கொண்டே இருந்ததால் இந்த இரண்டு பேரையும் கழற்றிவிட்டார்களா?

அப்படி இருந்தால் மனசு ஆறிவிடும் தம்பி. வாஷிங்டன் ஸ்டேட் 2018-இல் 11 ஆட்டம் ஜெயித்தது, அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். ஆரிகன் ஸ்டேட் 2022-இல் 10 ஆட்டம் ஜெயித்தது, அதில் ஒன்று பக்கத்து ஊர்ப் பணக்காரப் பங்காளியான ஆரிகனை 38-34 என்று வீழ்த்தியது. அதே 2022-இல் கொலராடோ 12 ஆட்டத்தில் 11 தோற்றது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப் போனது யாரை? கொலராடோவை.

ஏன் என்றால், 1984-க்குப் போக வேண்டும். அதுவரை கல்லூரி ஃபுட்பாலை டிவியில் காட்டும் உரிமை என்.சி.ஏ.ஏ. என்ற தலைமைச் சங்கத்தின் கையில் இருந்தது. எந்தக் கல்லூரி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதற்குக்கூட அவர்கள் வரம்பு வைத்திருந்தார்கள். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட, இது போட்டியை நசுக்குகிற ஏகபோகம் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து அவரவர் சரக்கை அவரவர் விற்கலாம். விற்கலாம் என்றதும் யாருடைய சரக்குக்கு மவுசு என்ற கேள்வி வரும், அதற்கு டிவிக்காரர்கள் சொல்லும் பதில் மைதானத்து ஸ்கோர் அல்ல, எத்தனை வீட்டில் பார்க்கிறார்கள் என்பது. டென்வர் பெரிய நகரம், கொலராடோ பல்கலைக்கழகம் அதற்குப் பக்கத்தில். புல்மனுக்குப் பக்கத்தில் வயல்தான்.

2022-இல் பிக் டென் போட்ட டிவி ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல். பிக் 12-இல் ஒரு கல்லூரியின் டிவி பங்கு ஆண்டுக்குச் சுமார் 3.17 கோடி டாலர் என்று பேச்சு. பேக்-12-க்குக் கடைசியில் மேசைக்கு வந்தது ஆப்பிள் நிறுவனத்தின் திட்டம். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துப் பணம் ஏறும், நிச்சயத் தொகை குறைச்சல். அதைக் கேட்ட சில நாளிலேயே எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

பேக்-12 ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. 2012-இல் சொந்தமாக டிவி சேனல்கள் தொடங்கினார்கள், டைரக்டிவி என்கிற பெரிய டிஷ் நிறுவனத்தோடு பேரம் கடைசிவரை படியாததால் பல வீடுகளில் ஆட்டமே தெரியவில்லை. 2021-இல் டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு எஸ்.இ.சி. என்ற இன்னொரு பெரிய கூட்டணிக்குக் கிளம்பியபோது, அங்கே தவித்து நின்ற எட்டுக் கல்லூரிகளில் யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று பேக்-12 கதவைச் சாத்தியது. இரண்டே வருஷத்தில் அந்த எட்டுப் பேர்தான் பேக்-12-இல் இருந்து நாலு பேரை இழுத்துக்கொண்டார்கள்.

வாசகர், வில்லியனூர்
ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே என்று நம் ரஞ்சி டிராபியில் இருப்பதுபோல் அங்கே கிடையாதா?

கிடையாது. என் கோபமெல்லாம் அங்கேதான். நம்ம புதுச்சேரி அணி ரஞ்சிக்குள் வந்தது 2018-19 சீசனில், புது அணிகளோடு கீழ்ப்படியான பிளேட் பிரிவில். அப்புறம் மேல்படியான எலைட் பிரிவில் ஆடி 2024 ஜனவரியில் டெல்லியை டெல்லியிலேயே போய் 9 விக்கெட் வித்தியாசத்தில் அடித்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு டெல்லி கேப்டனையே மாற்றினார்கள். சின்ன ஊர், ரசிகர் கூட்டம் குறைவு, ஆனாலும் ஏறுவதற்கு ஒரு ஏணி இருந்தது. யார் யாரோடு ஆடலாம் என்பதை டிவிக்காரரிடம் விட்டிருந்தால், டெல்லி மைதானத்தின் கேட்டில்கூட நம்ம பசங்களை விட்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக்கு அந்த ஏணி இல்லை. பாய்ஸி ஸ்டேட் என்று ஒரு கல்லூரி, ஐடஹோ மாநிலத்தில். பல வருஷமாகப் பெரியவர்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருக்கிறது, 2024-இல் நாட்டின் சாம்பியன் யார் என்று முடிவு செய்ய பன்னிரண்டு அணிகள் மட்டுமே ஆடும் தேசிய பிளே-ஆஃபுக்கும் போனது. பிக் டென்னோ எஸ்.இ.சி.யோ கூப்பிட்டதா? மூச்சு விடவில்லை. பணமும் பரம்பரையும் பார்த்துச் சம்பந்தம் பேசுகிறவர்கள், பையன் எவ்வளவு நல்லவன் என்று எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

வழக்கறிஞர் குமாஸ்தா, கடலூர்
மிச்சம் நின்ற இரண்டு கல்லூரிகளும் கோர்ட்டுக்குப் போகவில்லையா?

போனார்கள், அதுவும் சொந்த ஊர் கோர்ட்டுக்கு. புல்மன் இருக்கிற விட்மன் கவுண்டி நீதிமன்றத்தில் 2023 செப்டம்பரில் மனுப் போட்டார்கள். உங்களுக்குப் பிடிக்கிற மாதிரியான பாயிண்டு அது. வெளியேறுகிறேன் என்று நோட்டீஸ் கொடுத்தவருக்குக் கூட்டணியின் நிர்வாகக் குழுவில் ஓட்டு இல்லை என்று அவர்களுடைய விதிமுறை சொல்கிறது. யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் கிளம்பியபோது அவர்களை அப்படித்தான் குழுவிலிருந்து எடுத்தார்கள், அதைச் செய்தது இப்போது கிளம்புகிற இவர்களே. அன்றைக்கு அவர்களுக்குச் சொன்ன சட்டம் இன்றைக்கு உங்களுக்கும் உண்டா இல்லையா என்பதுதான் வழக்கு. பத்துப் பேரும் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுக் கூட்டணியைக் கலைத்துக் கஜானாவைப் பங்கு போட்டுவிடுவார்கள் என்ற பயம்.

நவம்பரில் நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்து நிர்வாகத்தை இந்த இருவர் கையில் ஒப்படைத்தார். மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பரில் அதில் தலையிட மறுத்துவிட்டது. பிறகு சமரசம்: போகிறவர்கள் அந்த ஆண்டு வரவேண்டிய பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள், கூட்டணியின் பேரும் சொத்தும் சுமையும் இருக்கிறவர்களுக்கு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒரு கான்ஃபரன்ஸ் என்றால் ஃபுட்பால் ஆடும் எட்டுக் கல்லூரிகள் வேண்டும், குறைந்தால் இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் இந்த இருவரும் பக்கத்தில் இருக்கும் மவுண்டன் வெஸ்ட் என்ற நடுத்தரக் கூட்டணியோடு ஒரு சீசனுக்கு ஆட்டங்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எங்கள் ஆட்களை இழுத்தால் தலைக்கு இவ்வளவு அபராதம் என்று அவர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். 2024 செப்டம்பரில் பேக்-12 அங்கிருந்தே பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் என்று ஐந்து பேரை வளைத்தது. அந்த அபராத ஷரத்து சட்ட விரோதம் என்று உடனே ஒரு வழக்கும் போட்டது! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அனாதையாக நின்றவர்கள் மேல் எனக்கு இருந்த பரிதாபம் அன்றைக்குக் கொஞ்சம் வற்றித்தான் போனது. பிறகு கூடைப்பந்துக்குப் பேர்போன கொன்ஸாகாவும், ஃபுட்பாலில் எட்டாவது ஆளாக டெக்ஸஸ் ஸ்டேட்டும் சேர்ந்தன. புதுக் கூட்டணியின் தொடக்க நாள் 2026 ஜூலை 1.

கலிஃபோர்னியாவில் இன்னொரு கூத்து. யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்கள். அண்ணன் பணக்காரக் கூட்டணிக்குப் போனதால் தம்பிக்கு நஷ்டம் என்று, யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு 1 கோடி டாலர் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு முடிவு செய்தது. ஜீவனாம்சம் என்றுதான் அங்கே பத்திரிகைகளே கிண்டல் செய்தன.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், நெல்லிக்குப்பம்
ஃபுட்பாலையே சொல்கிறீர்களே அய்யா. வாலிபால், நீச்சல், தடகளப் பிள்ளைகள் கதி என்ன? முப்பது வருஷம் கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போனவன் என்ற முறையில் கேட்கிறேன்.

வந்த கடிதங்களிலேயே சரியான இடத்தில் கை வைத்தது உங்களுடையதுதான். ஃபுட்பால் அணிக்குப் பிரச்சினையே இல்லை. வாரத்துக்கு ஒரு ஆட்டம், அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமை, தனி விமானம். பாதி ஆட்டம் சொந்த ஊரில். வாலிபால் பெண்களையும் சாஃப்ட்பால் பெண்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம். முன்பு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பக்கத்து மாநிலத்துக்குப் போய் இரண்டு ஆட்டம் முடித்துவிட்டு ஞாயிறு ராத்திரி விடுதிக்கு வந்துவிடலாம். இப்போது யு.சி.எல்.ஏ.வின் கூட்டணியில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் ஒன்று. போக மட்டும் 4,000 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட, மூன்று மணி நேரம் கடிகாரம் வேறு மாறும். ஸ்டான்ஃபோர்ட் பசிஃபிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அட்லான்டிக் கரைக் கூட்டணியில் ஆடுகிறது. வியாழக்கிழமை வகுப்பை விட்டால் திங்கள்கிழமைதான் மறுபடி கரும்பலகையைப் பார்க்க முடியும். விமானத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பரீட்சை எழுதும் பிள்ளைகள் அங்கே புதிதில்லை. இந்த முடிவை எடுத்த அறையில் அந்த வாலிபால் பெண்ணுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அதைவிடப் பெரியது காசு. நூறு வருஷமாக வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது, படிப்புச் செலவு மட்டும் என்றுதான் ஓட்டினார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, அதே ஆண்டு ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. 2025 ஜூன் 6-இல் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஒரு பெரிய வழக்கு சமரசமானது: முன்பு ஆடியவர்களுக்குக் கொடுக்காமல் விட்ட பழைய பாக்கிக்கு 280 கோடி டாலர், பத்து வருஷத்தில் கொடுக்க வேண்டும். அதோடு, இனி ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம், முதல் வருஷ உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர், நம் பணத்தில் 170 கோடிக்கு மேல். ஆடுகிறவனுக்குக் காசு போவது நியாயம்தான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. பழைய பாக்கிப் பணத்தில் பெண்களுக்கு நியாயமான பங்கு இல்லை, 1972-இல் வந்த சமத்துவச் சட்டத்துக்கு இது விரோதம் என்று வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடே செய்திருக்கிறார்கள்.

பணக்காரக் கல்லூரி இந்த 2 கோடி டாலரை டிவி பங்கிலிருந்து எடுத்து வைக்கும். ஓரமாக நிற்கிற கல்லூரி எதைக் கொண்டு வைக்கும்? டென்னிஸ், நீச்சல், கோல்ஃப் என்று கணக்குப்பிள்ளை பென்சிலால் கோடு இழுக்க ஆரம்பிப்பார். ஸ்டான்ஃபோர்ட் மாதிரி காசு கொட்டிக் கிடக்கிற இடமே 2020-இல் 11 விளையாட்டை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. பழைய மாணவர்கள் கிளர்ந்தெழுந்ததால் அடுத்த மே மாதம் வாபஸ் வாங்கியது. அப்படிக் கிளம்ப வசதியான பழைய மாணவர்கள் இல்லாத ஊரில் போட்ட கோடு போட்டதுதான். அமெரிக்காவின் ஒலிம்பிக் வீரர்களில் பெரும்பாலோர் இந்தக் கல்லூரிக் குளங்களிலும் ஓடுபாதைகளிலும் உருவானவர்கள். அங்கே ஒலிம்பிக்குக்கு ஆள் தயாரிக்க அரசாங்கத்தில் தனி அமைச்சகம் எதுவும் கிடையாது.

கொஞ்சம் ஆறுதலும் சொல்கிறேன். கைவிடப்பட்ட ஆரிகன் ஸ்டேட்டின் பேஸ்பால் அணி 2025-இல் எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனியாகவே ஒரு சீசன் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடி, ஒமஹாவில் நடக்கும் இறுதிக் கட்டம் வரை போய்விட்டது.

இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்
என் மகள் அங்கே ஒரு சாதாரண அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறாள். ஃபீஸ் ரசீதில் அத்லெட்டிக் ஃபீ என்று ஒரு வரி இருக்கிறது. அவள் மைதானப் பக்கமே போனதில்லை. எதற்கு அது?

நீங்கள் அனுப்புகிற பணத்தில் ஒரு பங்கு ஒரு ஃபுட்பால் அணியை ஓட்டுகிறது அம்மா, அவ்வளவுதான். பெரிய கூட்டணியில் இருக்கிற கல்லூரிக்கு டிவி பணம் போதும். சின்னக் கூட்டணியில் இருக்கிற அரசுக் கல்லூரிகளில் விளையாட்டு பட்ஜெட்டின் கணிசமான பகுதி மாணவர் கட்டணமும் பல்கலைக்கழகம் பொது நிதியிலிருந்து தள்ளிவிடுவதும்தான். பணக்காரர்கள் செலவை ஏற்றினால் இவர்களும் ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் கோச்சும் போவார், ஆடுகிற பிள்ளைகளும் போவார்கள். இப்போது வீரர்கள் கல்லூரி மாறுவதும் சுலபம். 2024-இல் ஆரிகன் ஸ்டேட் பெண்கள் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை போனது, சீசன் முடிந்ததும் அணியில் பெரும்பாலோர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

மாணவர் தலையில் கட்டுவது போக இன்னும் இரண்டு வழி உண்டு. ஒன்று, அடி வாங்குவதற்குக் கூலி. பெரிய கல்லூரி சொந்த மைதானத்தில் சுலபமாக ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று சின்னக் கல்லூரிக்குப் பணம் கொடுத்துக் கூப்பிடும். 2007-இல் மிச்சிகன் அப்படி 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலேச்சியன் ஸ்டேட்டைக் கூப்பிட்டது. லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த மைதானத்தில் 34-32 என்று தோற்றது. காசும் போச்சு, மானமும் போச்சு. இன்னொன்று மார்ச் மாதம் நடக்கும் தேசியக் கூடைப்பந்துப் போட்டி. அதில் ஒவ்வொரு ஆட்டம் ஆடுவதற்கும் அந்த அணியின் கூட்டணிக்குப் பணம் வரும். 2022-இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி கென்டக்கியை வீழ்த்திக் கடைசி எட்டு வரை போனபோது நாடே அதை ஒரு வாரம் கொண்டாடியது.

கொண்டாடிவிட்டு டிவியை அணைத்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். 2025 மார்ச்சில் பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகம் அந்தத் தேசியப் போட்டியில் ஆடிய சில நாளிலேயே, முதல் டிவிஷனை விட்டு மூன்றாவது டிவிஷனுக்கு இறங்குகிறோம் என்று அறிவித்தது. மூன்றாவதில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. தோற்று இறங்கவில்லை, கணக்குப் பார்த்து இறங்கினார்கள். என்னைக் கேட்டால் அது தோல்வியும் இல்லை. உங்கள் மகளின் ரசீதில் அந்த வரியை ஏற்றிக்கொண்டே போவதைவிட மரியாதையான முடிவு.

வாசகர், நெய்வேலி
இவ்வளவு பஞ்சப்பாட்டு பாடுகிறார்களே, கோச்சுக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது?

அதற்கு மட்டும் எங்கிருந்தோ வரும். 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தப்படி மிச்ச வருஷங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை சுமார் 7.6 கோடி டாலர். வேலை பார்க்க அல்ல, பார்க்காமல் இருக்க.

டென்னிஸ் ஆடும் பையனின் அப்பா, லாஸ்பேட்டை
மகன் ப்ளஸ் ஒன். டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா அனுப்பலாம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். இந்தக் குழப்பத்தில் அனுப்பலாமா?

அனுப்பலாம், கண்ணைத் திறந்துகொண்டு. சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். உயரம் தாண்டுதலில் தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் ஸ்டேட்டில் படித்துக்கொண்டே 2018-லும் 2022-லும் தேசியப் பட்டம் வென்றார். நம்ம சென்னைப் பெண் கிருஷ்ணா ஜெயசங்கர் லாஸ் வேகாஸில் நெவாடா பல்கலைக்கழகத்துக்காகக் குண்டு எறிந்து, 2025-இல் மவுண்டன் வெஸ்ட் உள்ளரங்கப் போட்டியில் 16 மீட்டரைத் தாண்டினார். மேலே ஐந்து பேரைப் பறிகொடுத்ததாகச் சொன்னேனே, அதே மவுண்டன் வெஸ்ட்தான்.

ஏஜெண்ட் கல்லூரியின் ரேங்கைப் பற்றி மட்டும் பேசுவார். நீங்கள் கோச்சிடம் வேறு கேள்விகளைக் கேளுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். டென்னிஸ் அணியை நடுவில் நிறுத்திவிட்டால் ஸ்காலர்ஷிப் பட்டம் முடியும்வரை தொடருமா? வருஷா வருஷம் புதுப்பிப்பதா, நாலு வருஷத்துக்கும் சேர்த்தா? கல்லூரி எந்தக் கூட்டணியில் இருக்கிறது, அடுத்த வருஷமும் அதிலேயே இருக்குமா? அணியில் எத்தனை பேருக்கு இடம்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் 2025 சமரசத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஒவ்வொரு விளையாட்டிலும் அணியில் இருக்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்துவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிப்பான் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மாணவர் விசாவில் போகிறவருக்கு அங்கே வேலை செய்து சம்பாதிக்கக் கட்டுப்பாடு அதிகம், விசாவுக்கே ஆபத்தாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, டென்னிஸே இல்லை என்றாலும் இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்புக்கு இவனை அனுப்புவோமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். ஆமாம் என்று வந்தால் விமான டிக்கெட் போடலாம்.

முதுகலை மாணவி, சிதம்பரம்
நம் பல்கலைக்கழக விளையாட்டுக்கும் இப்படி டிவி பணம் வந்தால் நல்லதுதானே?

வந்தால் நல்லதுதான், முதலில் வரட்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்கு முன்பதிவு கிடைக்காத ரயிலில் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு போய், அன்று மதியமே ஆடித் தோற்றுத் திரும்புகிற நம் பிள்ளைகளுக்கு அமெரிக்கக்காரரின் கவலை ஆடம்பரம்தான். 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் ஓரளவு நல்ல ஆரம்பம். ஆனால் பணம் வருகிற அன்று, யாருக்கு எவ்வளவு என்பதை எழுதி வைத்துவிட்டு அப்புறம் கேமராவை உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் நாலு பெருநகரக் கல்லூரிகள் தனியாக ஒரு கூட்டணி போட்டுக்கொள்ளும், நீங்களும் காலாப்பட்டுக்காரரும் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பீர்கள்.

வங்கி ஊழியர், அரியாங்குப்பம்
இது எங்கே போய் முடியும்? மிச்சம் இருக்கிற சின்னக் கல்லூரிகள் பிழைக்குமா?

பிழைக்கும், ஆனால் இன்றைய வேஷத்தில் அல்ல. பிக் டென்னில் இப்போது 18 பேர், எஸ்.இ.சி.யில் 16. ஃபுட்பால் பிளே-ஆஃபுக்கு 2026 முதல் இ.எஸ்.பி.என். என்ற டிவி நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் கொடுக்கிறது. அதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கூட்டணிகளுக்கே போகும்படி பங்கு பிரித்தாகிவிட்டது. சின்னக் கூட்டணிகள் எல்லாம் சேர்ந்தாலும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நான் கவனிப்பது வேறொன்றை. டல்லஸில் இருக்கும் எஸ்.எம்.யு., ஏ.சி.சி.யில் இடம் கிடைத்தால் போதும் என்று ஒன்பது வருஷத்துக்கு டிவி பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முழுப் பங்கு வேண்டாம் என்று சேர்ந்தன. பிக் டென்னுக்குப் போன ஆரிகனும் வாஷிங்டனும் ஆரம்பத்தில் சுமார் பாதிப் பங்குக்குத்தான் ஒப்புக்கொண்டன. ஏ.சி.சி.யை விட்டு ஓடப் பார்த்த ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் சமரசத்துக்கு வந்தபோது, டிவி பணத்தில் பெரும்பகுதியை யாருடைய ஆட்டத்தை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அவர்களுக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். எல்லாருக்கும் சம பங்கு என்ற பழைய வழக்கம் கூட்டணிக்கு உள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அடுத்து வெளியே நிற்கப்போவது சின்னக் கூட்டணிக் கல்லூரிகள் அல்ல, அவர்கள் ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறார்கள். பெரிய கூட்டணிக்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். பிக் டென்னின் இப்போதைய டிவி ஒப்பந்தம் இந்தப் பத்தாண்டின் கடைசியில் முடிகிறது. அப்போது பதினெட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்காருவார்களா என்று பாருங்கள். நான் பந்தயம் கட்ட மாட்டேன்.